கணக்குப் பார்த்து ஓடும் கார்கள்: மின்சாரப் பந்தயத்துக்கு ஓர் அறிமுகம்

2022 இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, கியூஆர் குறியீட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் தந்தார்கள். அந்த வருடம் கொழும்பில் இருந்த யாருக்கும் அது மறந்திருக்காது. அந்த 4 லீற்றருக்குள் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சக்தியை மட்டும் பற்றரியில் வைத்துக்கொண்டுதான் மின்சாரக் கார்களின் உலகப் போட்டியான போர்மியுலா ஈயில் ஒரு கார் தொடக்கக் கோட்டில் வந்து நிற்கிறது. அதை வைத்து முக்கால் மணித்தியாலம் அளவுக்கு ஓட வேண்டும். நேர்ப்பாதைகளில் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டும். முன்னால் போகிறவனை முந்தவும் வேண்டும்.

இதையே போர்மியுலா 1 உடன் வைத்துப் பாருங்கள். 2025 வரை இருந்த விதிப்படி, ஒரு போர்மியுலா 1 கார் ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ வரை எரிபொருள் எடுத்துக்கொள்ளலாம். சக்தியாகக் கணக்குப் போட்டால் அது முப்பது மடங்குக்கும் மேல். போர்மியுலா 1 எஞ்சின் அதில் பாதியைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது என்பது வேறு கதை. இருந்தாலும் வித்தியாசம் மிகப் பெரியது. மின்சாரப் பந்தயத்தின் தந்திரங்கள், விநோதமான விதிகள், கடைசிச் சுற்று நாடகங்கள் எல்லாமே இந்த ஒரு பற்றாக்குறையிலிருந்துதான் பிறக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

யூனிட் எவ்வளவு, எவ்வளவு வேகமாகச் செலவாகிறது

கரண்ட் பில் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இந்தப் பகுதி கஷ்டமில்லை. பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவொட் மணி. நம் நாட்டில் 30, 60, 90 என்று படிப்படியாகக் கட்டணம் ஏறுவது அந்த யூனிட்டுக்குத்தான். 2022-23 பருவத்தில் ஓடத் தொடங்கிய மூன்றாம் தலைமுறைப் போர்மியுலா ஈ காரில், பந்தயத்துக்குப் பாவிக்கக்கூடிய சக்தி 38.5 யூனிட். சிக்கனமான சின்னக் குடும்பம் ஒன்று பதினைந்து நாளில் முடிக்கக்கூடிய அளவு.

கிலோவொட் என்பது வேறு. அது சக்தி செலவாகும் வேகம். இந்தக் காரின் உச்ச வலு 350 கிலோவொட். சரி, இப்போது வகுத்துப் பாருங்கள். 38.5 ஐ 350 ஆல் வகுத்தால் 0.11 மணித்தியாலம். அதாவது 7 நிமிடம்கூட இல்லை. சாரதி மிதியை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஏழு நிமிடத்துக்குள் பற்றரி காலி. பந்தயமோ அதைப்போல ஆறு ஏழு மடங்கு நீளம்.

மிச்சத்துக்கு எங்கே போவது? இரண்டு வழி உண்டு. ஒன்று சிக்கனம், மற்றது திரும்பப் பிடிப்பது.

திரும்பப் பிடிப்பது எப்படி என்று கொழும்பில் பழைய நிசான் லீஃப் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2015 வாக்கில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைந்திருந்த சமயம் ஜப்பானிலிருந்து பாவித்த லீஃப்கள் நிறைய வந்து இறங்கின அல்லவா? கண்டிக்குப் போய்விட்டுக் கடுகண்ணாவை இறக்கத்தில் வரும்போது, மிதியிலிருந்து காலை எடுத்தால் காரின் மோட்டர் டைனமோவாக மாறிவிடும். சக்கரத்தின் சுழற்சியே மின்சாரமாகிப் பற்றரிக்குள் போகும். கார் தானாக இழுத்துப் பிடிப்பதைக் காலில் உணரலாம். இறக்கத்தின் அடியில் பார்த்தால், மேலே இருந்ததைவிட ஓடக்கூடிய தூரம் கூடியிருக்கும். பெற்றோல் காரில் இந்தச் சக்தி முழுதும் பிரேக் தகட்டைச் சூடாக்கி வீணாகப் போகிறது.

போர்மியுலா ஈ கார் செய்வதும் இதையேதான், மிக மூர்க்கமாக. மூன்றாம் தலைமுறைக் காரில் முன்சக்கரங்களுக்கு ஒரு மோட்டர், பின்சக்கரங்களுக்கு ஒரு மோட்டர். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும்போது இரண்டும் சேர்ந்து 600 கிலோவொட் வரை திரும்ப உறிஞ்சும். ஓடுவதற்குக் கொடுக்கும் வலுவைவிட, நிற்பதற்கு எடுக்கும் வலு அதிகம்! பந்தயத்தில் பாவிக்கும் சக்தியில் 40 சதவீதத்துக்கும் மேல் இப்படிப் பிரேக் பிடிப்பதிலிருந்தே கிடைக்கிறது என்று அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். இந்தக் காரை வடிவமைத்தபோது பின்சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கே வைக்கவில்லை. மோட்டரே போதும் என்று துணிந்துவிட்டார்கள். பிறகு பரிசோதனை ஓட்டங்களில் விபத்து நடந்ததும் அவசரத்துக்கென்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது நல்லதாகப் போயிற்று.

முன்னால் போக யாருக்கும் விருப்பமில்லை

இனி சிக்கனம். சாரதிகள் நேர்ப்பாதையின் முடிவுக்கு வரும் முன்பே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். கார் வந்த வேகத்திலேயே உருண்டுபோய் வளைவை அடையும். ஒரு சுற்றில் இழப்பது ஒரு விநாடிக்கும் குறைவு, மிச்சமாவது கணிசமான சக்தி. எந்த வளைவில், எத்தனை மீற்றருக்கு முன், எவ்வளவு நேரம் காலை எடுக்க வேண்டும் என்பதை அணியின் பொறியியலாளர்கள் வாரக்கணக்காகக் கணினியில் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.

காற்றும் ஒரு செலவு. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்தச் செலவு மிச்சம். இதனால் சில பாதைகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. முதலிடத்தில் இருக்கிறவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, "நீ முன்னால் போ" என்று வழி விடுவார். பின்னால் வருகிறவரும் போகமாட்டார். போர்ட்லண்ட், பெர்லின் போன்ற அகலமான பாதைகளில் சைக்கிள் பந்தயம் போல எல்லோரும் கூட்டமாக உருண்டுகொண்டிருந்துவிட்டு, கடைசிச் சில சுற்றுகளில்தான் நிஜமான சண்டையைத் தொடங்குவார்கள். முந்துதல்களின் எண்ணிக்கை வானத்தைத் தொடும். ஆனால் அதில் பாதி "எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" வகை. ரசிகர்களில் இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும், ஆனால் பழக்கமில்லாத ஒருவருக்கு முதலில் காட்டுவதென்றால் இந்த வகைப் பந்தயத்தைக் காட்டமாட்டேன்.

அவருக்குக் காட்டுவதென்றால் 2019 பெப்ரவரியில் மெக்சிகோ சிட்டியில் நடந்ததைக் காட்டுவேன். இந்தியாவின் மஹிந்திரா அணிக்காக ஓடிய ஜெர்மனிய இளைஞர் பாஸ்கல் வேர்லைன் முதலிடத்திலிருந்து தொடங்கி, ஆரம்பத்திலிருந்தே முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் அவுடி காரில் லூக்காஸ் டி கிராஸி. கடைசிச் சுற்று வரும்போது எல்லோருடைய பற்றரியும் வற்றிக்கொண்டிருந்தது. நிசான் அணியின் இரண்டு கார்களும் சக்தி தீர்ந்து வழியிலேயே தங்கிவிட்டன. கடைசி வளைவைத் திரும்பி முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வேர்லைனின் காரும் மூச்சை விட்டது. கோட்டுக்குச் சில மீற்றர் இருக்கும்போது டி கிராஸி பக்கத்தால் பாய்ந்து வென்றார். அந்த முடிவுக்குக் கோளாறோ விபத்தோ காரணம் இல்லை. ஒருவரிடம் ஒரு துளி சக்தி மிச்சமிருந்தது, மற்றவரிடம் இருக்கவில்லை. வேர்லைன் அதோடு ஒடிந்துபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 இல் போர்ஷே அணியோடு அவர் உலகச் சம்பியன் ஆனார்.

இதே கணக்கு ஒருமுறை பந்தயத்தையே கோமாளித்தனமாக்கியதும் உண்டு. 2021 ஏப்ரலில் ஸ்பெயினின் வலென்சியாவில் மழைக்குள் நடந்த போட்டி அது. விபத்துகளால், எல்லோரையும் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் கார் திரும்பத் திரும்ப வந்தது. அப்படி மெதுவாக ஓடும் நேரத்துக்கு ஈடாக ஒவ்வொரு காரின் கணக்கிலிருந்தும் சக்தியைக் கழிப்பது அன்றைய விதி. கழித்துக் கழித்துக் கடைசியில் பார்த்தால், முன்னால் ஓடிய அன்டோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா பந்தயத்துக்கு ஒதுக்கிய நேரம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போதே கோட்டைக் கடந்துவிட்டார். இன்னொரு முழுச் சுற்று ஓட வேண்டியதாயிற்று. அதற்கு அநேகரிடம் சக்தி இல்லை. கார்கள் ஒவ்வொன்றாக நடைவேகத்துக்கு வந்தன. நிக் டி வ்ரீஸ் வென்றார், அந்த வருடம் உலகச் சம்பியனும் ஆனார். விதியை எழுதியவர்கள் அன்று எங்கே முகத்தை வைத்துக்கொண்டார்களோ தெரியாது. பிறகு அப்படிச் சக்தியைக் கழிப்பதை விட்டார்கள். 2022-23 பருவத்திலிருந்து நேரம் பார்க்காமல் சுற்றுகளை எண்ணி ஓடும் முறை வந்தது, பாதுகாப்புக் கார் வந்தால் சுற்றுகளைக் கூட்டும் விதியும் வந்தது.

புதிதாகப் பார்க்கிறவரைக் குழப்பும் இன்னொரு விஷயம் 'அட்டாக் மோட்'. பாதையில் ஒரு வளைவின் வெளிப்புறத்தில் கோடு போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். சாரதி வழக்கமான பாதையை விட்டு அந்த இடத்தின் மேலால் ஓட்டினால், சில நிமிடங்களுக்கு அவருடைய வலு 300 இலிருந்து 350 கிலோவொட்டாகக் கூடும். சுற்றிப் போவதால் ஓரிரு இடங்கள் பறிபோகலாம், பிறகு அந்த வலுவால் திரும்பப் பிடிக்க வேண்டும். எப்போது எடுப்பது என்பதுதான் சூதாட்டம். ஆரம்ப வருடங்களில் ரசிகர்கள் இணையத்தில் வாக்களித்துப் பிடித்த சாரதிக்கு வலுக் கூட்டும் முறையொன்றும் இருந்தது. அது சரியான பகிடி. ஒழித்ததே நல்லது.

பீஜிங்கிலிருந்து ஹைதராபாத் வரை

மின்சாரக் காரை வேகத்துக்காக ஓட்டுவது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 100 கிலோமீற்றரை முதன்முதலில் தாண்டிய காரே மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரல் 29 ஆம் திகதி, பாரிஸுக்குப் பக்கத்தில், கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் குண்டு வடிவத்தில் செய்த காரில் மணிக்கு 105.88 கிலோமீற்றரைத் தொட்டார். அதன் பிறகு பெற்றோல் மலிந்தது, பற்றரி முன்னேறவில்லை. ஒரு நூற்றாண்டு அப்படியே போய்விட்டது.

2011 இல் பாரிஸ் உணவகம் ஒன்றில் ஸ்பெயின் தொழிலதிபர் அலெஹாண்ட்ரோ அகாக்கும், அப்போது சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஜான் டோட்டும் இராப்போசனத்துக்கு உட்கார்ந்தபோது, கைதுடைக்கும் கடதாசியில் கிறுக்கிய திட்டம்தான் போர்மியுலா ஈ என்று அவர்களே சொல்வார்கள். முதல் பந்தயம் 2014 செப்டெம்பர் 13 ஆம் திகதி பீஜிங்கில். கடைசி வளைவில் முதலிரு இடங்களில் இருந்த நிக்கோலா ப்ரோஸ்டும் நிக் ஹைட்ஃபெல்டும் மோதிக்கொண்டார்கள். ஹைட்ஃபெல்டின் கார் காற்றில் பறந்து சுவரில் விழுந்தது, அவர் தானாக வெளியே வந்தார். பின்னால் வந்த டி கிராஸிக்கு வெற்றி. மஹிந்திரா காரில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஐந்தாவதாக வந்தார்.

அன்றைய காரின் பற்றரி 28 யூனிட். இங்கே வந்து இறங்கிய முதல் லீஃப்களின் பற்றரி 24 யூனிட். பந்தயக் காரும் வெள்ளவத்தை மரக்கறிச் சந்தைக்கு வரும் காரும் ஏறத்தாழ ஒரே அளவு பற்றரியில் ஓடின என்பதுதான் அந்தக் காலத்தின் நிலைமை. ஒரு பந்தயத்துக்கு அது போதாது. அதனால் ஒவ்வொரு சாரதிக்கும் இரண்டு கார் கொடுத்தார்கள். பாதியில் கராஜுக்குள் வந்து ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் பாய்ந்து ஏறி ஓட வேண்டும். கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் 2018 இன் கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறைக் காரில் பற்றரி கிட்டத்தட்ட இரு மடங்கானது, கார் மாற்றுவது முடிவுக்கு வந்தது. நாலு வருடத்தில் இரு மடங்கு. அதற்கடுத்த தலைமுறையில் இன்னொரு திருப்பம். பற்றரியைப் பெரிதாக்காமல் சிறிதாக்கினார்கள், 52 இலிருந்து 38.5 யூனிட்டுக்கு. பிரேக்கிலிருந்து திரும்பப் பிடிப்பது கூடிவிட்டதால் சிறியதே போதும் என்றாகிவிட்டது. சாரதியோடு சேர்த்து காரின் எடை 840 கிலோவுக்குக் குறைந்தது. அதன் மேம்பட்ட வடிவம், நிற்கிற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீற்றரை, அதாவது 60 மைலை, 1.82 விநாடியில் தொடும். ஆரம்பப் பாய்ச்சலில் அன்றைய போர்மியுலா 1 காரைவிட வேகம். ஆனால் ஒரு முழுச் சுற்று என்று வந்தால் கதை வேறு. மொனாக்கோவில் இரண்டும் ஒரே பாதையில் ஓடுகின்றன, அங்கே போர்மியுலா 1 பத்து விநாடிக்கு மேல் முன்னால் நிற்கிறது.

சத்தமும் புகையும் இல்லாததால் இந்தப் பந்தயத்தை நகரத்துக்கு நடுவே கொண்டுவர முடிந்தது. பாரிஸ், ரோம், நியூயோர்க், ஹொங்கொங், ஜகார்த்தா, டோக்கியோ என்று தெருக்களிலேயே பாதை போட்டார்கள். லண்டனில் பாதையின் ஒரு பகுதி கண்காட்சி மண்டபத்துக்கு உள்ளேயே போனது. நமக்கு மிக அருகில் வந்தது 2023 பெப்ரவரி 11 ஆம் திகதி, ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில். பற்றரியில் சக்தி குறைவாக இருந்தும் ஜான்-எரிக் வேர்ன் பின்னால் வந்த நிக் காசிடியைக் கடைசிவரை மறித்து வென்றார். அடுத்த வருடமும் நடக்கவிருந்தது. இடையில் தெலங்கானாவில் ஆட்சி மாறியது, புதிய அரசு பழைய ஒப்பந்தத்தைத் தொடர விரும்பவில்லை, பந்தயம் ரத்தாயிற்று. தெருப் பந்தயம் என்பது ஓர் அரசாங்கத்தின் ஆர்வத்தில் தொங்கும் விஷயம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இப்போது கார்கள் வேகமாகிவிட்டன. குறுகிய தெருக்கள் போதவில்லை. ஷங்காய், மட்ரிட் போன்ற இடங்களில் ஊருக்கு வெளியே உள்ள நிரந்தரப் பாதைகளுக்குப் போகிறார்கள். எனக்கு இது நட்டமாகவே படுகிறது. பஸ் ஓடும் தெருவில் பந்தயக் கார் ஓடுவதுதான் இதன் தனி அழகாக இருந்தது.

வளர்ச்சி நேர்க்கோட்டில் இல்லை

விளம்பரங்களைப் பார்த்தால் மின்சாரப் பந்தயம் வருடா வருடம் மேலே மேலே போவதாகத் தோன்றும். உண்மையில் வந்தவர்களும் உண்டு, போனவர்களும் உண்டு. 2020-21 பருவத்தில் இதற்கு உலகச் சம்பியன்ஷிப் தகுதி கிடைத்தது. அதே பருவத்தோடு அவுடியும் பிஎம்டபிள்யூவும் விலகின. அடுத்த வருடம் சம்பியன் பட்டத்தை வைத்திருந்த மெர்சிடிஸும் போய்விட்டது. மக்லாரன் 2025 இல் வெளியேறியது. போர்ஷே, ஜகுவார், நிசான், மஹிந்திரா நிற்கின்றன. 2024-25 பட்டம் நிசான் சாரதி ஒலிவர் ரோலண்டுக்கு. மஹிந்திரா முதல் நாளிலிருந்து விடாமல் இருக்கிறது என்பதில் நமக்கும் ஒரு அற்ப சந்தோஷம்.

மற்றைய மின்சாரப் போட்டிகளின் நிலை இன்னும் மோசம். பாலைவனத்திலும் பனிப்பாறைப் பக்கமும் ஆணும் பெண்ணும் ஒரே காரை மாறி மாறி ஓட்டிய 'எக்ஸ்ட்ரீம் ஈ' 2021 இல் தொடங்கியது. சில பருவங்களில் முடிந்து ஹைட்ரஜன் பக்கம் திரும்பிவிட்டது. மின்சார மோட்டார் சைக்கிள்களின் 'மோட்டோ ஈ' 2019 இல் தொடங்குமுன்பே ஸ்பெயினில் பரிசோதனை நேரம் தீப்பிடித்துச் சைக்கிள்கள் எல்லாம் எரிந்துபோயின. எழுந்து நின்று ஓடினார்கள். ஆனால் 2025 உடன் நிறுத்திவைத்துவிட்டார்கள், ரசிகர்கள் போதாது என்று. தீ பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போர்மியுலா ஈ காரில் சாரதியின் தலைக்கு அருகே ஒரு விளக்கு உண்டு. பச்சை என்றால் காரைத் தொடலாம், சிவப்பு என்றால் மின்கசிவு இருக்கலாம், யாரும் கிட்டே போகக்கூடாது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மின்சாரம் சந்தேகமில்லாமல் ஜெயித்தது, அது மலையில். அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் 2,862 மீற்றர் உயரத்தில் தொடங்கி 4,302 மீற்றரில் முடியும். தூரம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர், வளைவுகள் 156. மேலே போகப் போகக் காற்று ஐதாகி, பெற்றோல் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். மோட்டருக்குக் காற்றே தேவையில்லை. 2018 இல் ரொமெய்ன் டூமா, ஃபொக்ஸ்வாகன் ஐடி ஆர் காரில் 7 நிமிடம் 57.148 விநாடியில் ஏறி, பெற்றோல் கார்களின் சாதனையையும் சேர்த்து முறியடித்தார். தூரம் குறைவு என்பதால் பற்றரிப் பற்றாக்குறையும் அங்கே ஒரு பொருட்டாகவில்லை.

பாதையிலிருந்து வீட்டுக்கு எது வருகிறது?

"பந்தயத்தில் கற்றதை உங்கள் காரில் தருகிறோம்" என்று எல்லா நிறுவனமும் சொல்லும். பாதிக்கு மேல் நம்ப வேண்டாம். போர்மியுலா ஈயில் கார்ச் சட்டமும் பற்றரியும் எல்லா அணிக்கும் ஒன்றுதான். நிறுவனங்கள் சொந்தமாகச் செய்வது மோட்டர், அதை இயக்கும் மின்கட்டுப்பாட்டுக் கருவி, கியர்ப்பெட்டி, எல்லாவற்றையும் ஆளும் மென்பொருள். ஆகவே வீட்டுக் காருக்குப் பற்றரி அறிவு பந்தயத்திலிருந்து நேரே வருவதில்லை. மோட்டரின் வினைத்திறனும் மென்பொருளும் வருகின்றன. பந்தயக் காரில் பற்றரியிலிருந்து வரும் சக்தியில் 95 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குப் போகிறது. மீதி 5 சதவீதத்தில் அரை சதவீதத்தை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு செலவு. போர்ஷே தன் மின்சாரக் கயென் காரின் பிரேக் 600 கிலோவொட் வரை திரும்பப் பிடிக்கும், அது போர்மியுலா ஈ அளவு என்கிறது. இது நேரடித் தொடர்பு என்று ஏற்கலாம்.

நம் ஊருக்கு அதைவிட முக்கியமானது வெப்பம். பழைய லீஃப் விற்கிறவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பார்?" என்பது. பார் என்பது பற்றரியின் நலத்தைக் காட்டும் கோடு. புதிதாக இருக்கும்போது 12 பார், பற்றரி நலியக் குறையும். அந்தக் காரின் பற்றரிக்கு நீரோட்டக் குளிரூட்டல் இல்லை, அதனால் வெக்கையான ஊரில் சீக்கிரம் நலிந்தது. பந்தயத்திலும் ஜகார்த்தா போன்ற ஊர்களில் சாரதிகள் சக்தியோடு பற்றரியின் சூட்டையும் பார்த்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. சூடு எல்லையைத் தாண்டினால் கார் தானாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும். அங்கே தேறும் குளிரூட்டல் முறைகள் கொழும்புக் காரனுக்கு வேகத்தைவிடப் பிரயோசனமானவை.

இனி வருவது

2025 பெப்ரவரியில் சவூதியின் ஜித்தாவில் முதல்முறையாகப் பந்தயத்துக்கு நடுவே மின்னேற்றினார்கள். 600 கிலோவொட்டில் 30 விநாடி, பற்றரியில் 10 சதவீதம் ஏறும். வீட்டுப் பிளக்கில் அதே அளவை ஏற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கார் மாற்றிய காலத்தை நினைத்துப் பார்த்தால் பதினொரு வருடத்துக்குள் வந்த தூரம் இது.

2026-27 பருவத்துக்கு நாலாம் தலைமுறைக் கார் வருகிறது. பந்தயத்தில் 450 கிலோவொட், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றிலும் அட்டாக் மோடிலும் 600 கிலோவொட். அதாவது ஏறத்தாழ 800 குதிரைவலு. எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கும். பற்றரி திரும்பவும் 55 யூனிட் அளவுக்குப் போகிறது. வேகத்தில் போர்மியுலா 1 ஐ எட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட ஆர்வமான கேள்வி, இவ்வளவு வலுவோடு அந்தப் பழைய சிக்கன விளையாட்டு மிஞ்சுமா என்பது. 55 யூனிட்டை 600 ஆல் வகுத்தால் ஐந்தரை நிமிடம். பற்றாக்குறை முன்பைவிடக் கூடித்தான் இருக்கிறது. ஆகவே மிஞ்சும் என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையில் போர்மியுலா 1 உம் பாதிவழிக்கு வந்துவிட்டது. 2026 விதிகளில் காரின் வலுவில் கிட்டத்தட்ட பாதி மின்மோட்டரிலிருந்து, 350 கிலோவொட் வரை. போர்மியுலா ஈயை விட்டுப் போன அவுடி அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. காலை எடுத்து உருளுவது, நேர்ப்பாதையில் சக்தி தீர்வது போன்ற தலையிடிகள் எல்லாம் இனி அங்கேயும் உண்டு. ஆனால் 24 மணித்தியால லெ மான்ஸ் போன்ற நீண்ட பந்தயங்கள் முழு மின்சாரத்துக்கு இப்போதைக்கு வராது. ஒரு கிலோ பெற்றோலில் 12 யூனிட் இருக்கிறது. ஒரு கிலோ பற்றரியில் கால் யூனிட்கூடச் சிரமம். எத்தனை விளம்பரம் செய்தாலும் இந்தக் கணக்கு அசையாது.

கொழும்பில் ஒரு நாள் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: கோட்டைப் பக்கம் இரவுக் கார்ப் பந்தயங்கள் நடந்ததுண்டு, துறைமுக நகரில் வீதியும் இடமும் உண்டு. பணம்தான் இல்லை, ஹைதராபாத்துக்கு நடந்ததைப் பார்த்த பிறகு ஆசையும் குறைகிறது. 1934 இலிருந்து நுவரெலியாவில் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் மின்சாரக் கார்களுக்கென்று ஒரு பிரிவு வைத்தால் அது செலவில்லாத நல்ல தொடக்கம். ஏற்றம் குறுகியது, பற்றரி தீரும் பயமில்லை. வேகா என்ற பெயரில் கொழும்பிலேயே மின்சாரப் பந்தயப் பாணிக் கார் ஒன்றை உருவாக்கிக் காட்டிய பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு காலி வீதியில் ஓடும் புதிய மின்சாரக் கார்களுக்கும் குறைவில்லை.

அதுவரை தொலைக்காட்சிதான். பார்க்கும்போது திரையில் சாரதிகளின் பெயருக்குப் பக்கத்தில் வரும் சதவீதத்தை முதலில் பாருங்கள், அதுதான் பற்றரியில் மிச்சம். பாதிப் பந்தயத்தில் ஐந்தாவதாக ஓடுகிறவரிடம் முதலாவதாக ஓடுகிறவரைவிட 3 சதவீதம் கூட இருந்தால், அவரையே கவனியுங்கள். அட்டாக் மோடை இன்னும் எடுக்காதவர் யார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோ, ஷங்காய் பந்தயங்கள் நமக்கு மத்தியான வேளையில் வரும், ஐரோப்பாவில் நடப்பவை பின்னேரத்தில், அமெரிக்கக் கண்டத்தில் நடப்பவை இரவில்.